கைதட்டும் வீடு

படபடவென்று கைதட்டல். சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து தங்கை வெளியே வந்ததற்குத்தான் அத்தனை ஆரவாரம்.

"சபாஷ்! எப்படி இருக்க?" என்றாள் அக்கா.

"நல்லா இருக்கேன்க்கா."

மறுபடியும் கைதட்டல்.

அக்கா, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனியில் மேலாளர். தினமும் காலையில் விற்பனையாளர்களை வரிசையாக நிறுத்தி, "இன்று என் நாள்!" என்று கத்தவைத்து, கைதட்டித் தெருவுக்கு அனுப்புவாள். தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே அந்தக் கூத்து வீட்டுக்குள் வந்துவிட்டது. பயந்தால் நோய் பரவும் என்பது அவள் நம்பிக்கை. 'வலி' என்ற சொல்லுக்குத் தடை. வாய் தவறினால் மூன்று நல்ல விஷயங்களைச் சொல்லிப் பரிகாரம் செய்ய வேண்டும்.

"கரண்ட் போனாக்கூட உங்கக்கா, 'விளக்கு ஓய்வெடுக்குது'ன்னு சொல்லச் சொல்வாங்க" என்று காதோரம் முணுமுணுத்தான் தங்கையின் கணவன்; அவன் எலெக்ட்ரீஷியன். தங்கை சிரித்தாள். சிரித்ததில் இடுப்பில் கத்தி இறங்கியது. ஒரு மாதமாகவே அப்படித்தான். துண்டைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாள். இன்று டாக்டரிடம் சொல்லி, நல்ல மாத்திரை வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"வலி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"சிங்கக்குட்டி டாக்டர் இவ! ஒரு குறையும் இல்ல" என்றாள் அக்கா.

போன முறையும் இதே பதில்தான். டாக்டர் பேனாவை மூடப் போனார்.

"இருக்கு டாக்டர்" என்றாள் தங்கை. "இடுப்புல. ஒரு மாசமா. படுக்கவே முடியல."

அக்காவின் கை அவள் தோளை அழுத்தியது.

"ஏம்மா போன தடவை சொல்லல?"

கணவன் தலையைத் தூக்கி, சுற்றும் மின்விசிறியைப் பழுது பார்ப்பவன்போலப் பார்த்தான்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்புக்குப் பரவியிருந்தது.

"இது மருந்தையும் மீறிப் பரவுற நோய். யார் மேலயும் தப்பில்ல" என்றார் டாக்டர். "ஆனா முன்னாடியே சொல்லியிருந்தா, இத்தனை நாள் நீங்க இப்படித் துடிச்சிருக்க வேண்டாம். இந்த மாத்திரையைப் போடுங்க. இன்னைக்குப் படுத்துத் தூங்கலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரையை விழுங்கினாள். கணவன் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லிவிட்டோம் என்பதே பாதி மருந்தாக இருந்தது. படுக்கை ஞாபகம் வந்தது. கால் நீட்டிப் படுக்கலாம்.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுடி. எங்களுக்குத் தெரியாம நீ எப்பவாவது பயந்தியா?"