டீயை ஆற்றிய கை

அந்த டீ விளம்பரப் போஸ்டரில் எல்லாமே அசல் வங்காளம்தான். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, வகிட்டில் குங்குமம், கையில் சங்கு வளையல். டீயை மட்டும் அந்தப் பெண் மயிலாப்பூர் மாமி மாதிரி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கை தலைக்கு மேலே, இன்னொன்று இடுப்பருகே, நடுவில் இரண்டு முழ நீளத்துக்கு டீ.

1958-இல் அதை வரைந்தவள் வசுமதி. விளம்பரக் கம்பெனி ஓவியரான கணவர் சந்தானம் டைபாய்டில் படுத்துவிட்டார், கெடுவோ நெருங்கிவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே தூரிகை பிடிக்கக் கற்றிருந்தவள் துணிந்து முடித்துக்கொடுத்தாள். டபராவில் ஆற்றாமல் குடிக்கிற ஜனங்களும் உலகத்தில் உண்டென்று கல்யாணமாகி அப்போதுதான் வங்காளத்துக்கு வந்திருந்த அந்தப் புதுப்பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? மூலையில் அவர் பெயரையும் அவளே எழுதினாள். ஊரெல்லாம் ஒட்டிய பிறகு மானேஜர் சந்தானத்தைப் பிடிபிடியென்று பிடித்தார். அன்றிலிருந்து ரசத்தில் உப்புக் கூடினாலும், "டீ ஆத்தின கைதானே" என்பார் அவர்.

2002-இல் அதே ஊரின் பவானிபூர் பகுதியில் பழைய போஸ்டர்களுக்கு ஒரு கண்காட்சி. நடத்தியவள் மஹிமா, அங்கே தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வந்த விமரிசகர்கள் அந்தத் தூக்கிய கையில் பெண் விடுதலையையே கண்டுவிட்டார்கள். வசுமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் போஸ்டருக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டில் சந்தானத்தின் பெயர் மட்டும் இருந்தது. அவரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கும்பிட்டுக்கொண்டிருந்தார். திட்டு என்றால் வசுமதிக்கு, பாராட்டு என்றால் அவருக்கா? இன்றைக்கு இவர் வாய் திறக்காவிட்டால் அது என்றைக்கும் அவர் வரைந்த கைதான்.

இப்படி ஒரு கையை வரைய எப்படித் தோன்றியது என்று மஹிமா மைக்கை நீட்டினாள். சந்தானம் தொண்டையைக் கனைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ," என்றாள் வசுமதி. "நம்மாத்துல சொல்றதையே இங்கயும் சொல்லுங்கோ."

"அந்தக் கை இவ போட்டது," என்றார் அவர். "தப்புன்னு தெனம் சொல்லிக் காட்டுவேன். ஆனா ஜுரத்தோட எழுந்து பார்த்தப்பவே தெரிஞ்சுது, எனக்கு இப்படி வராதுன்னு. அதை மட்டும் சொன்னதேயில்லை."

இதைச் சொல்ல இத்தனை காலமா என்று கேட்கத்தான் நினைத்தாள். அதற்குள் மஹிமா சீட்டைக் கழற்றிப் பேனாவோடு நீட்டினாள். வசுமதி வாங்கி, அவர் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினாள், அதைவிடப் பெரிதாக.