பாசிப்பால்

இரவு முழுக்க ஊறிய கடற்பாசியைச் செல்வமலர் நான்காவது தண்ணீரில் அலசிக்கொண்டிருக்கும்போது, குமுதினி கைப்பையிலிருந்து கலண்டரை எடுத்து அடுப்படி மேசையில் விரித்தாள். போன மாதம் யாழ்ப்பாணம் போனபோது ஒரு நகைக்கடையில் கொடுத்தது. சாமி படத்துக்குக் கீழே அன்றைய திதியும் நட்சத்திரமும் பொடி எழுத்தில் இருந்தன.

“மச்சாள், ஒண்டு பத்துக்கு அவிட்டம் தொடங்குது. அதுக்குப் பிறகு அண்ணை போனாரெண்டால் தோசம். ஆறு மாசம் வீட்டை அடைச்சு வைக்கோணும்.”

“கவுன்சில் தந்த வாடகை வீட்டை ஆர் அடைக்க விடுவினம்?” என்றாள் செல்வமலர். பாசியைப் பிழிந்து சட்டிக்குள் போட்டு, இரண்டு கறுவாப்பட்டையை முறித்துப் போட்டு அடுப்பை மூட்டினாள்.

முன்னறைக் கட்டிலில் குகதாசன் கிடந்தார். செல்வமலரின் கணவர், குமுதினிக்கு ஒரே அண்ணன். எட்டு மாதத்துக்கு முன் வந்த ஸ்ட்ரோக் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனதோடு தொண்டையையும் கெடுத்துவிட்டது. தண்ணீராக எதைக் கொடுத்தாலும் சுவாசப்பைக்குள் போய்விடும், தடிப்பாகத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, கலந்து கொடுக்க ஒரு மாவும் தந்தாள் நேர்ஸ். அந்த மாவுத் தண்ணீரை மனுசன் செல்வமலரின் முகத்திலேயே துப்பினார். பேச்சுப் போனாலும் துப்புவதற்கு அவருக்குத் தெம்பு இருந்தது.

பாசி காய்ச்சச் சொல்லித் தந்தவள் கீழ்வீட்டு ஜமெய்க்காக்காரி. அவர்கள் ஊரில் இதைக் காய்ச்சி, பாலும் டின்பாலும் சாதிக்காயும் போட்டுக் குடிப்பார்களாம். ஆம்பிளைகளுக்கு நல்ல பலம் வரும் என்று கண்ணடித்தாள். இந்த மனுசனுக்குப் பலம் வருவதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் செல்வமலருக்கு உலகத்தில் இருக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாளே செய்தாள். கரண்டியைச் சரித்தால் உடனே கொட்டாமல் தயங்கித் தயங்கி விழுந்தது. நேர்ஸ் பார்த்துவிட்டு இந்தத் தடிப்புப் போதும் என்றாள். குகதாசனும் துப்பவில்லை.

அன்று தொடக்கம் அந்தப் பாசிப்பால்தான் அவருடைய உயிர். புருசனை அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறாள் என்று லண்டன் பிளேஸ்டோவில் தெரிந்த சனம் முழுக்கப் பேசிக்கொண்டது. கோயிலில் கண்டவர்கள் கையைப் பிடித்துப் புகழ்ந்தார்கள். செல்வமலர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். அவள் அவரைச் சாகவிடாமல் வைத்திருந்தது மகனுக்காக.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் கல் கடிபட்டது என்று தகப்பன் தாய்க்கு ஓங்கிய கையை மகன் யனுஷன் எட்டிப் பிடித்தான். அன்றே அவனைப் பையோடு வெளியே தள்ளினார் குகதாசன். “என்ர செத்தவீட்டுக்கும் நீ வரக்கூடாது” என்று படிக்கட்டு அதிரக் கத்தினார். யனுஷன் கனடாவுக்குப் போனான். கனடா என்ற சொல்லை எடுத்தால் காலை முறிப்பேன் என்று அவளுக்கும் கட்டளை. தகப்பனின் பிடிவாதம் ஒரு குண்டுமணி குறையாமல் மகனுக்கும் இருந்தது. தகப்பன் விழுந்த பிறகு எத்தனை முறை கெஞ்சியும் அவனிடம் ஒரே பதில்தான். “உயிரோட இருந்தா வந்து பாக்கலாம் அம்மா, யோசிக்கிறன். செத்தா வரமாட்டன். அவற்ற சொல்லை நான் ஏன் மீறோணும்?”

யோசித்து யோசித்துப் போன கிழமைதான் டிக்கெட் போட்டான். இன்று பதினொரு மணிக்கு ஹீத்ரோவில் இறங்குகிறான். முந்தாநாள் வந்த நேர்ஸ், இரண்டு நாள், கூடினால் மூன்று நாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். செல்வமலர் மணிக்கொரு தடவை அரைக் கரண்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் விழுங்குகிறார். அது போதும் அவளுக்கு.

“அண்ணை ஏன் இப்பிடி இழுத்துக்கொண்டு கிடக்கிறார் எண்டு நினைக்கிறியள்?” குமுதினி குரலைத் தாழ்த்தினாள். “உரித்தான ஒராளும் பால் பருக்கேல்லை. ஒரு மிடறு பருக்கினா நிம்மதியாப் போயிடுவார்.”

“யனுஷன் வந்து பருக்கட்டும்.”

“அவன் வந்து சேர ஒண்டரை ஆகும். தோசத்தில போற உயிர் தனியப் போகாது மச்சாள். வீட்டில இன்னொண்டையும் கூட்டிக்கொண்டு போகும். வாற பிள்ளையைப் பிடிச்சா என்ன செய்வியள்?”

சட்டிக்குள் பாசி கரைந்து கொழகொழவென்று வரத் தொடங்கியிருந்தது. செல்வமலர் அகப்பையை விடாமல் துழாவினாள்.

“பாலைத் தனியக் குடுக்க ஏலாது. சுவாசப்பைக்குள்ள போனா அந்த நிமிசமே முடிஞ்சுது. நானும் இதுக்குள்ள பால்தானே விடுறன். ஆறித் தடிச்ச உடன இதைப் பருக்குங்கோ.”

“பாசியிலயோ பால் பருக்கிறது?” என்று முகத்தைச் சுளித்த குமுதினி, கலண்டரை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, “சரி, உங்கட விருப்பம். ஆறுதலாச் செய்துகொண்டு வாங்கோ. நான் அண்ணைக்குப் பக்கத்தில இருக்கிறன்” என்று எழுந்து போனாள்.

நாற்பது வருடத்தில் குமுதினி எதற்கும் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்ததில்லை. செல்வமலர் அதை யோசித்திருக்க வேண்டும். அவள் கைத்தொலைபேசியில் விமானம் இறங்கிவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியை இறக்கி, துணியில் ஊற்றி, கை பொசுங்கப் பொசுங்கப் பிழிந்தாள். பாலை விட்டு, டின்பாலை விட்டு, ஏலக்காய்த் தூளைத் தூவி, சாதிக்காயை உரசினாள். சட்டியைக் குளிர்தண்ணீரில் வைத்து ஆற்றினாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு மகனின் முகத்தைப் பார்க்கப் போகிறாள்.

அப்போதுதான் முன்னறையில் புரைக்கேறித் திணறும் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது குமுதினியின் ஒரு கையில் பால் ஊற்றிய வெள்ளிப் பேணியும் மறு கையில் கரண்டியும் இருந்தன. குட்மேய்ஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வரும்போதே பாலைப் போத்தலில் கொண்டு வந்திருக்கிறாள். “சிவசிவா எண்டு நினையுங்கோ அண்ணை” என்று அழுதுகொண்டே அடுத்த கரண்டியை அள்ளினாள். குகதாசனின் நாடியால் பால் வழிந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன. முகம் நீலம் பாரித்து வந்தது.

செல்வமலர் கரண்டியைத் தட்டிவிட்டு, அவரைச் சரித்துப் பிடித்து முதுகில் அடித்தாள். மூக்கால் நுரை வந்தது. இயங்குகிற இடக்கையால் அவர் அவளுடைய சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவளை அவர் அப்படிப் பிடித்தது இதுதான் முதல் தடவை. அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

“இஞ்சேருங்கோ, ரெண்டு மணித்தியாலம்” என்று அவருடைய காதுக்குள் சொன்னாள். “ரெண்டே ரெண்டு மணித்தியாலம் கிடவுங்கோ. பிறகு போங்கோ.”

அவர் அதையும் கேட்கவில்லை.

குமுதினி சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தாள். “பதினொண்டு பன்ரண்டு. நல்ல நேரத்தில போயிட்டார், புண்ணியவான்.” நேரத்தை நிச்சயப்படுத்திய பிறகுதான் குரலெடுத்து அழுதாள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் வாய்க்கட்டுக் கட்ட ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்தாள். வெம்பிளியில் இருக்கும் குருக்களுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஒண்டு பத்தோ? எந்தக் கலண்டர் பாத்தனியள்?” குருக்கள் நிதானமாகக் கேட்டார். “அது ஊர் நேரம் பிள்ளை. லண்டனுக்கு அஞ்சரை மணித்தியாலம் கழிச்செல்லோ பாக்கோணும். இஞ்ச காலமை ஏழு நாப்பதுக்கே அவிட்டம் தொடங்கிட்டுது.”

குமுதினி கதிரையில் இருந்துவிட்டாள். குருக்கள் இரண்டு தரம் “ஹலோ” சொல்லிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். குகதாசன் பதினொன்றுக்குப் போயிருந்தாலும் ஒன்றுதான், மகனைக் கண்டுவிட்டு இரண்டு மணிக்குப் போயிருந்தாலும் ஒன்றுதான். குமுதினியின் தலையை அந்தச் சட்டிக்குள் அமுக்க வேண்டும்போல் செல்வமலருக்கு இருந்தது.

கைத்தொலைபேசி அடித்தது.

“அம்மா, இறங்கிட்டன். பெட்டிக்கு நிக்கிறன். அவர் எப்பிடி? ஏதும் நடந்திட்டுதெண்டா இப்பவே சொல்லுங்கோ, நான் இப்பிடியே திரும்பிறன்.”

செல்வமலர் கட்டிலைப் பார்த்தாள்.

“கிடக்கிறார்” என்றாள். “இப்பதான் பால் குடிச்சவர். நித்திரை. நீ வா ராசா.”

குமுதினி வாயைத் திறந்தாள். செல்வமலர் அவளுடைய கையிலிருந்த வெள்ளைத் துணியைப் பிடுங்கிச் சுருட்டிக் குப்பைக்குள் போட்டாள்.

“கட்டவேண்டாம். அழவும் வேண்டாம். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ மச்சாள்.”

கட்டிலின் பொத்தானை அமத்தினாள். மோட்டர் உறுமி, தலைப்பக்கம் மெல்ல மெல்ல எழும்பியது. நாடியில் காய்ந்திருந்த பாலைத் துடைத்து, கண்ணை மூடி, சரிந்த தலைக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் கேத்தலைக் கொதிக்கவைத்து, சுடுதண்ணீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்து போர்வைக்குள் வைத்தாள். அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து அதன்மேல் வைத்து மூடினாள்.