ஐந்தாவது வசனம்

1
இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது. [இப்படித் தொடங்கினால் என்னைக் கெட்டவள் என்று நினைப்பீர்கள். இந்த வரியை அடித்துவிடுகிறேன்.]

1, மறுபடியும்
இந்தக் கதை இங்கிலீசு வீட்டுப்பாடத்தில் தொடங்கியது. அடுத்த வருஷம் கட்டாயம் செய்யவேண்டி வருகிற காரியங்களை, ‘ஐ ஷல் ஹாவ் டு’ என்று தொடங்கி, ஐந்து வசனமாக எழுதச் சொன்னார் வினிபிரட் மிஸ். சோதனை எழுதவேண்டி வரும், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவேண்டி வரும் என்று நான்கு சுலபமாக வந்தன. ஐந்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘பள்ளிக்கூடத்தை விட்டு, மலாயா மாப்பிள்ளையைக் கட்டவேண்டி வரும்’ என்று எழுதினேன்.

மிஸ் சிவப்பு மையால் சரி போட்டார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

“பராசக்தி, பயப்பிடாதையும். சனிக்கிழமை வீட்டை வாறன். உம்மடை ஐயாவோடை நான் கதைக்கிறன்.”

‘மிஸ், அது சும்மா எழுதினது’ என்று சொல்ல வாயைத் திற—

நாளை சனிக்கிழமை.

2
ஐயாவுக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டம். இங்கிலீசு தெரியாது. ஆனால் நான் வாசிக்கக் கேட்காமல் சாப்பிட உட்காரமாட்டார்.

“வாசியடி பிள்ளை. விளங்காட்டிலும் கேக்க நல்லாக் கிடக்கு.”

கொப்பியை மிஸ்ஸிடம் கொடுக்குமுன் ஐந்தையும் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். ஐந்தாவதுக்கும்.

(இது கதைக்காகச் செருகியது போலிருக்கும். இல்லை.)

3
முதல் முடிவு: மிஸ் சொன்னதைக் கேட்டு ஐயா துள்ளி எழும்புவார். “ஆரடி உனக்குக் கலியாணம் பேசினது?” வேலியில் கிளுவைத் தடி முறிப்பார். அடி விழும். எனக்குச் சம்மதம்.

இரண்டாவது முடிவு: ஐயா அம்மாவைப் பார்ப்பார். அம்மா நிலத்தைப் பார்ப்பார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை அம்மா என் சாதகக் குறிப்பைக் கடித உறைக்குள் வைத்து ஒட்டினார்.

“ஆருக்கம்மா?”

“மலாயாவிலை மாமாவுக்கு. உனக்கேன் உந்த விடுப்புக் கேள்வி? போய்ப் படி!”

[ஐந்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று மேலே எழுதினேனே, அதுதான் நான் சொன்ன பொய்.]

4
அம்மா விளக்கை நூர்த்துவிட்டுப் படுக்கச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது முடிவுக்கு என்னிடம் தைரியமில்லை. கொப்பியில் ஆறாவது வரி வெறுமையாக இருக்கிறது, நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும்: ஐயாவைக் கெட்டவராக்கிவிடாதீர்கள். அவர் அன்றைக்கு ஓம் சொன்னது என் குரலுக்குத்தான், வசனத்துக்கு அல்ல.

அப்படித்தானே?