தலைதீபாவளி வெந்நீர்

தலைதீபாவளிக்கு முந்தின நாள் முத்துராமலிங்கம் வீட்டு வெந்நீர் பாய்லரில் ஓட்டை விழுந்தது. பட்டாளத்து மாப்பிள்ளை வெள்ளத்துரை வந்து இறங்கியிருக்கும்போது, தென்காசியிலிருந்து பற்றவைக்கிறவரைக் கூப்பிட்டால் இலத்தூர் முழுக்கத் தெரிந்துபோகும். அதனால் முத்துராமலிங்கமே ஓட்டையை அரக்கு வைத்து அடைத்தார்.

தீபாவளியன்று கரி கனன்றதும் அரக்கு உருகி, தண்ணீர் கங்கில் கொட்டிக் கொல்லையெல்லாம் புகைந்தது. ஐப்பசி வாடையில் மாப்பிள்ளை எண்ணெய்த் தலையோடு நின்றார்.

“குத்தால அருவியில குளிச்சிட்டு வாரேன் மாமா.”

“மாப்பிள்ளைக்கு வெந்நி குடுக்க வக்கில்லன்னு ஊரு பேசவா?”

மனைவி வடிவம்மாள் கொல்லை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “அரக்கு சூடு தாங்குமாக்கும்? நான் நேத்தே நெல்லு அவிக்கிற அண்டாவ எடுத்து வச்சிட்டேன். கொதிச்சாச்சு, வந்து இறக்குங்க.”

மாப்பிள்ளை ஓடிப்போய் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார்.

“நீங்க தூக்கக் கூடாது மாப்ள. மரியாத இல்ல.”

“ஒத்தையில தூக்குனா இடுப்பு புடிச்சிக்கிடும் மாமா. அந்தக் காதப் பிடிங்க.”

முத்துராமலிங்கம் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து, மறு காதைப் பிடித்தார்.