கொட்டகைச் சந்து

அடுப்பு பற்றியதும் கடைக்காரம்மா முதலில் செய்தது, வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மணலில் கவிழ்த்ததுதான். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த புருஷன் பார்த்துவிட்டார்.

"நல்ல தண்ணிய ஏன் கொட்டுற?"

"வச்சிருந்தா குடிக்கத் தோணும். அதான் பூட்டிட்டாங்களே."

எதைப் பூட்டினார்கள் என்று அவர் கேட்கவில்லை. கழிப்பறைக் கதவில் புதுப் பூட்டு தொங்குவதை நேற்றுச் சாயங்காலம் முதலில் பார்த்தவரே அவர்தான். பார்த்த கையோடு பலூன்காரனிடம் போய், நான் அப்பவே சொன்னேனா இல்லையா என்று மார்தட்டிவிட்டு வந்திருந்தார். ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தார்.

கரையில் அவருக்குப் பேர் சந்தேகம். "சந்தேகம், ரெண்டு டீ" என்றுதான் கேட்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏமாளி என்று பேர் வாங்குவதைவிட இது தேவலை என்பார். பாலில் விரலை விட்டுப் பார்ப்பார், நோட்டை வெயிலில் பிடித்துப் பார்ப்பார், கடல் அமைதியாகக் கிடந்தால் அதையும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவரிடம் வந்து, கரைக்கு வருகிறவர்கள் இனிமேல் கட்டணம் கட்ட வேண்டும், அந்தக் காசில் குப்பை அள்ளுவோம், பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற கழிப்பறையைத் திறந்து ஆள் போடுவோம் என்று நகராட்சிக்காரர்கள் சொன்னார்கள். கடலை இவன்களா வெட்டினான்கள் என்றார் அவர். தேனை எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை என்றார்.

வாசலில் கம்பித் தடுப்பும் சீட்டுக் கொடுக்கிற பெண்ணும் வந்த மறுநாளே வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். அவர் கடைக்குப் பின்னால், பழைய படகுக் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஒருக்களித்து நடந்தால் ஆள் வரலாம். சாலையில் தயங்கி நிற்கிற குடும்பங்களுக்குத் தலையை ஆட்டி அதைக் காட்டுவார். சந்தில் நுழைந்தவர்கள் நேரே அவர் கடையில்தான் வந்து முட்டுவார்கள். நன்றிக்கு ஆளுக்கொரு டீ. திருட்டு வழியும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு.

அவர் யோசிக்காத ஒன்று அந்தக் கழிப்பறைக்குள் இருந்தது. போன வருஷம் கடைக்காரம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்து, அது காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டரம்மா நோயாளியை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கித்தான் இப்படி ஆகியிருக்கிறது, இன்னொரு தடவை வந்தால் கிட்னி தாங்காது என்றாள். அன்றிலிருந்து அவரும் குடி, குடி என்று அதட்டிக்கொண்டுதான் இருந்தார். விடிவதற்கு முன்னால் வந்து இருட்டிய பிறகு திரும்புகிற பொம்பளை, குடித்துவிட்டு எங்கே போவாள் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. அவருக்கு மதிலோரம் இருந்தது. அவளும் வாய் திறந்து சொன்னதில்லை. கழிப்பறை திறந்த பிறகு அவள் முகம் தெளிந்தது, நடையில் தெம்பு வந்தது. அவர் அதை மாத்திரையின் குணம் என்று எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மருந்துக் கடைக்காரனை நல்லவன் என்றுகூடச் சொன்னார்.

இப்போது அவர் மணலில் ஊறிப்போன தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்க, பால் பொங்கி வழிந்தது. அவள்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். சீட்டுப் பெண் அப்போதுதான் கூண்டைத் திறந்துகொண்டிருந்தாள். எப்போது பூட்டை எடுப்பார்கள் என்று கேட்டார். கட்டண எதிர்ப்புத் தலைவரே வந்து கேட்கிறாரே என்று அவள் ஒரு கணம் விழித்தாள்.

"வசூல் பத்தல பெரியப்பா. பாக்கி நிக்குதுன்னு தண்ணி லாரி வரமாட்டேங்குது. கழுவுற அக்காவையும் நிறுத்திட்டாங்க. இந்த சனி ஞாயிறு தேறினா திறப்பாங்க. உள்ள கூட்டத்துக்குக் குறைச்சலே இல்ல. எந்த வழியா வர்றாங்கன்னுதான் தெரியல."

தெரியல என்று சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை, படகுக் கொட்டகையைப் பார்த்தாள். அவர் காலிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் மீன்வலை நாற்றம், ஒரு பக்கம் மதிலின் சூடு. ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கடைக்காரம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள். காற்று வருகிறது என்றார். காற்று எட்டிப் பார்க்காத இடம் அது. அவள் கடைக்குத் திரும்பினாள். ரெண்டு நாளும் ஒண்டியாகவே கடையைச் சமாளித்தாள்.

வந்தவர்களையெல்லாம் வாசலுக்குத் திருப்பினார். பாதிப் பேர் முனகிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோளில் குழந்தையோடு வந்த ஒருத்தன் மட்டும் அசையாமல் நின்றான்.

"போன வாரம் நீங்கதானே இந்த வழியக் காட்டுனீங்க?"

"காட்டுனேன். போன வாரம் எனக்குப் புத்தி இல்ல. வாசல் அந்தப் பக்கம்."

"அந்தக் காச எவன் திங்கிறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தன் வாயிலிருந்து வந்தது மாதிரியே இருந்தது அவருக்கு. எத்தனை பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்! பதில் இல்லாத கேள்வி என்றல்லவா நினைத்திருந்தார்.

"தின்னா நான் கேட்டுக்கறேன். இங்கயேதான் கிடப்பேன், எங்கயும் ஓடிட மாட்டேன். நீ போய் கட்டு."

அவன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் நடந்தான்.

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தேறியிருக்காது, தேறினாலும் லாரிக்காரன் வரமாட்டான் என்று புரண்டார். திங்கட்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில், சாலை வளைவில் லாரி உறுமியது. பின்னால் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வந்தது. கழுவுகிற அம்மா வாளியோடு இறங்கினாள். பூட்டைக் கழற்றினார்கள். ஆனாலும் அவருக்குச் சந்தேகப் பழக்கம் விடுமா? யாரும் வருவதற்குள் உள்ளே புகுந்துவிட்டார்.

"பொம்பளைங்க பக்கம் உமக்கு என்னய்யா வேலை?" கழுவுகிற அம்மா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்தேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார். கடைக்கு வந்து, அடுப்பைப் பார்த்தபடியே பெண்டாட்டியிடம் சொன்னார்:

"தாழ்ப்பாள் சரியா விழுது. குழாய்ல தண்ணி வருது. ரெண்டையும் நானே பாத்துட்டேன்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இருவருக்கும் நடுவே இந்தப் பேச்சு வெளிப்படையாக வந்ததே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுப்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கூட்ட நேரம். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள். அவருக்குப் பால் காய்ச்சத் தெரியும், காசு வாங்கத் தெரியும், டீ போடுவது அவள் கை. பலூன்காரன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.

"சந்தேகம், இதுல தூள் போட்டீங்களா?"

"போட்டிருப்பேன். குடி."

"அக்கா எங்க?"

"வருவா."

அவள் வந்துகொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள், காதோர முடி நனைந்து ஒட்டியிருந்தது. நேர் வழியை விட்டுவிட்டு அலையோரமாகவே வந்தவள் பாதியில் நின்றாள். ஒரு அலை கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. அடுத்ததற்கும் நின்றாள். இங்கே இன்னும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஒருத்தர் சில்லறையை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கூப்பிடவில்லை. கையில் வடிகட்டியைப் பிடித்தபடி, அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மூன்றாவது அலைக்குக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.