மூன்று தடவை அவித்த ரவை

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால் காபி குடிப்பார்கள், மிக்சர் கொறிப்பார்கள், சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊர் பேசும். அதனால் எவ்வளவு பசித்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

என் அண்ணன் மருதுபாண்டி விஷயத்தில் இப்படி மூன்று வீட்டார் காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் அல்ஜீரியாவில் நான்கு வருடம் குழாய் வெல்டராக இருந்தவன். மூன்று வீட்டாரும் அல்ஜீரியா துபாய்க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று விசாரித்தார்கள். மறுநாள் போன் செய்து ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். ஜாதகத்தில் பாலைவனம் இருந்திருக்கும்.

நான்காவதாக மல்லாங்கிணற்றிலிருந்து இருளப்பசாமியும் அவர் மனைவி சுந்தராம்பாளும் ஒரு வெள்ளிக்கிழமை திருச்சுழிக்கு வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் மகள் ஈஸ்வரியை அண்ணன் முந்தின மாதமே போய்ப் பார்த்திருந்தான். பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் ஷேவ் செய்வதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. இதுவும் காபியோடு போய்விட்டால் தாங்க மாட்டான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவனிடம் ஒரு திட்டம் இருந்தது.

“சாப்பாடுன்னா தொட மாட்டாக. பலகாரம்னா தின்னுட்டுப் போயிருவாக. ரெண்டுல எதுன்னு அவுகளுக்கே தெரியக்கூடாது. கூஸ்கூஸ் செய்யப் போறேன்.”

கூஸ்கூஸ் அல்ஜீரியாவில் வெள்ளிக்கிழமைச் சமையல். அவனோடு வேலை பார்த்த ரஷீத் என்பவரின் வீட்டு அடுப்படியில் நின்று கற்றது. அங்கே அதைச் ‘சாப்பாடு’ என்றே அழைப்பவர்களும் உண்டாம். அதை அன்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தான். கோதுமை ரவையைத் தாம்பாளத்தில் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் மாவு தூவி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ரவை கடுகு கடுகாக உருண்டது. குழம்புப் பானை மேல் ஓட்டை போட்ட அலுமினியச் சட்டியை வைத்து அதில் ரவையைக் கொட்டினான். ஆவி தப்பாமல் இருக்க இடுக்கில் மாவுக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றினான். வெந்ததை எடுத்து உதிர்த்து, தண்ணீர் தெளித்து, மறுபடி அவித்தான். அப்புறம் மறுபடியும்.

“மூணு தடவ அவிக்கிற அளவுக்கு அந்த ரவை என்ன பாவம்டா செஞ்சுச்சு?” என்றாள் அம்மா பேச்சி.

அங்கே வெள்ளிக்கிழமைக் குழம்பில் ஆட்டுக்கறி கிடக்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி வந்தால் அம்மா வெளியே போய்விடுவாள். ஆகவே பூசணி, கேரட், முள்ளங்கி, கொண்டைக்கடலை. வாழையிலை போட்டால் சாப்பாடு ஆகிவிடும் என்பதால் எவர்சில்வர் தட்டு, ஸ்பூன். ரஷீத் வீட்டில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு ஓரமாக உண்பார்களாம். அதை மட்டும் அம்மா நடக்கவிடவில்லை.

“எச்சிச் சோறெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் வச்சுக்க.”

அப்பாவுக்கு மழையைப் பற்றி மட்டும் பேச அனுமதி.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள் பஸ் தாமதமாகி ஒன்றரைக்கு வந்தார்கள். திட்டத்தில் இல்லாத உதவி அது.

“காபி மட்டும் போதும்,” என்றார் இருளப்பசாமி, உட்காரும் முன்பே.

“காபி இருக்கட்டும்ண்ணே. புள்ள ஏதோ ரவையில செஞ்சிருக்கான்,” என்றாள் அம்மா.

“உப்புமாவா?” சுந்தராம்பாள் கணவரைப் பார்த்தாள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் உப்புமா போட்டால் அது வேறு செய்தி.

தட்டு வந்தது. இருளப்பசாமி அதை, பட்டாவில் தகராறு உள்ள நிலத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“இது டிபனா, சாப்பாடா?”

“ரவைதாங்கய்யா,” என்றான் அண்ணன்.

“ரவைன்னா டிபன்தான்.”

தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒரு ஸ்பூன் எடுத்தார். அப்புறம் குழம்பை ஊற்றச் சொன்னார். அப்புறம் ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிசைந்தார். சுந்தராம்பாள் இருமினாள். அவர் கவனிக்கவில்லை. இரண்டாவது தட்டும் காலியானதும், சொந்த வீட்டில் கேட்கிற குரலில் கேட்டார்.

“மோர் இருக்கா?”

எங்கள் ஊரில் டிபனுக்கு யாரும் மோர் கேட்பதில்லை. மோர் சாப்பாட்டின் கடைசி.

“என்ன கேட்டீக?” என்றாள் சுந்தராம்பாள்.

“வாய் தவறி வந்துருச்சு.”

அல்ஜீரியாவிலும் கூஸ்கூஸுக்கு மோர்தான். அண்ணன் கடைந்து வைத்துவிட்டு, தானாகக் கொடுக்கத் தைரியமில்லாமல் அடுப்படியில் மூடி வைத்திருந்தான். அம்மா சொம்போடு வந்து நின்றாள்.

“ஊத்துங்க. கேட்டுட்டு வேணாங்கிறது மரியாதையில்ல,” என்றார் இருளப்பசாமி. குடித்தார்.

சுந்தராம்பாள் மகளுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“என்னம்மா, கிளம்பிட்டீகளா?”

“அப்பா சாப்பிட்டுட்டாக.”

“என்னைய ஒரு வார்த்த கேக்காமலா?”

“டிபன்னு நெனச்சுத்தான்த்தா உக்காந்தேன்,” என்றார் இருளப்பசாமி.

“போனை அவர்ட்ட குடுங்க.”

அண்ணன் வாங்கினான்.

“வேணும்னுதான செஞ்சீக?” என்றாள் ஈஸ்வரி.

“ஆமா.” பொய் யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. “ஆனா நீங்க சரின்னாத்தான் அது சாப்பாடு. இல்லைன்னா அய்யா ரவை தின்னுட்டுப் போனாகன்னு விட்டுருவேன். ஊர்ல ஒருத்தரும் பேசாமப் பாத்துக்கிறேன்.”

அம்மா சொம்பைக் கீழே வைக்கவில்லை.

“அம்மாகிட்ட குடுங்க.”

அண்ணன் ஸ்பீக்கரை அணைத்துக் கொடுத்தான். கேட்க அவனுக்குப் பயம். சுந்தராம்பாள் நான்கு தடவை “ம்” கொட்டினாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

“மதினி, டப்பா ஏதும் இருக்கா? அவளுக்கும் கொஞ்சம் வேணுமாம்.”

அம்மா பரணிலிருந்து பெரிய தூக்குச்சட்டியையே இறக்கினாள்.

“குழம்பத் தனியா ஊத்துங்க, இல்லைன்னா ஊறிரும்,” என்றார் இருளப்பசாமி, பத்து வருடமாகக் கூஸ்கூஸ் தின்பவரைப் போல.