வராதுலா

1

இந்தக் கதை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் கிடைத்தது. பக்கத்து மேசையில் ஒரு டியூஷன் டீச்சர் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரே ஒரு 'வராதுலா' சொன்னேன்டி. அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு."

வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதுகிற கை சும்மா இருக்குமா? அன்றே ஆரம்பித்தேன்:

'காலை மணி ஆறு. இரும்பு அலமாரி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த வினாத்தாள் கட்டு...'

(அடித்துவிட்டேன். இங்கே யாரும் எதையும் திருடவில்லை. அதுதான் கஷ்டம்.)

2

டீச்சருக்கு ரமணி என்று பெயர். கிள்ளானில் ஒரு கடை மாடியில், எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறாள். நாலு வருஷமாக அவள் ஊகித்த கேள்விகள் அப்படியே வந்தன. இப்படி ஊகித்துச் சொல்லும் கேள்விக்குப் பிள்ளைகள் பேச்சில் 'ஸ்பாட்'; அவளுக்கு வைத்த பட்டம், ஸ்பாட் ரமணி.

போன வருஷம் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, காப்பாரிலிருந்து பஸ்ஸில் வரும் தாமரை கேட்டாள்: "டீச்சர், அஞ்சாம் பாடம் வருமா?"

வெள்ளைப் பலகையைத் துடைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ரமணி சொன்னாள்: "அது வராதுலா."

வந்தது.

(ஒரு குறிப்பு: வரலாற்றில் தேறாவிட்டால், மற்றதில் எத்தனை 'ஏ' வாங்கினாலும் சான்றிதழ் கிடையாது. தாமரை வாங்கியது ஐந்து 'ஏ'; வரலாறு மட்டும் தேறவில்லை. நர்சிங் இடம் போனது.)

3

இந்த வருஷம் மறுதேர்வு எழுத, தாமரை அதே மாடிப்படி ஏறி வந்தாள்.

இங்கே ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். ஏன் அதே டீச்சர்? பழிவாங்கவா? 'அவள் பைக்குள் கையை விட்டபோது...'

வேண்டாம். பையில் பழைய பாடப்புத்தகம்தான் இருந்தது. ரமணி அதை வாங்கிப் புரட்டினாள். ஐந்தாம் பாடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய பென்சில் பெருக்கல் குறி. ஓரத்தில் குட்டி எழுத்து: 'வராது. டீச்சர் சொன்னாங்க.'



"நான்தான் தப்பா சொன்னேன், தாமரை."

"தெரியும், டீச்சர்."

"அப்புறம் ஏன்மா இங்கயே வந்தே?"

"வேற சென்டருக்குப் போனா அவங்களும் ஸ்பாட் குடுப்பாங்க. நானும் நம்பிடுவேன். நீங்க இனிமே சொல்ல மாட்டீங்கல்ல?"

ரமணி ரப்பரை எடுத்து நீட்டினாள். குறிகள் அழிந்தன. அழுத்திப் போட்ட தடம் மட்டும் தாளில் பள்ளமாக நின்றது. அதன்மேலேயே இருவரும் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

4

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் தாமரை வெள்ளைச் சீருடையில் நிற்கிறாள். (பத்திரிகைக்குப் பிடிக்கும்.) இன்னொன்றில் மறுபடியும் தவறுகிறாள். (எனக்கே மனசு வரவில்லை.) மூன்றாவது பாதி வாக்கியத்தில் நிற்கிறது: 'தேர்வு மண்டபத்தில் தாளைத் திருப்புவதற்கு முன் தாமரை...'

அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வைத்தே இருபது வருஷம் பிழைத்தவன் நான். இந்த ஒரு தடவை எனக்குத் தெரியாது. அவள் எல்லாப் பாடமும் படித்திருக்கிறாள், அவ்வளவுதான் தெரியும்.

தாள் உங்கள் முன்னால் கவிழ்ந்து கிடக்கிறது. நீங்களே திருப்புங்கள். அதற்குமுன் அவள் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தால், தயவுசெய்து, வரும் வராது என்று எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவள் நம்பிவிடுவாள்.